முதல் காரா? வண்டியைக் கடைசியில் பாருங்கள்

தாம்பரம் மேற்கிலிருந்து ஒரகடத்துக்கு 26 கிலோமீட்டர். முடிச்சூர், படப்பை வழியாக மூன்று வருடம் பைக்கில் போய்வந்தேன். 2024 மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது, முழங்கால் வரை தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கார் வாங்குவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முடிவு சரிதான். செய்த வரிசைதான் தப்பு. முதலில் வண்டியைப் பார்த்தேன், பிடித்தது. டோக்கன் (முன்பணம்) கொடுத்தேன். அதன் பிறகுதான் ஆர்சியை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, பார்த்தேன். இரண்டு மாதமும் பத்தாயிரம் ரூபாயும் போனது. அதற்குப் பிறகு வாங்கிய வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது தடவை செய்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சென்னைப் புறநகரில் இருந்துகொண்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வேறு ஊர்க்காரர்களுக்கும் காகித வேலை ஏறக்குறைய இதேதான்.

1. மாதக் கணக்கைப் போட்டுவிடுங்கள்

காரின் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். என் கணக்கை அப்படியே தருகிறேன். போகவர 52 கிலோமீட்டர், மாதத்துக்கு 24 நாள், ஆக 1,248 கிலோமீட்டர். கம்பெனி சொல்லும் மைலேஜை மறந்துவிடுங்கள். முடிச்சூர் ரோடு நெரிசலில் ஏசி போட்டு ஓட்டினால் என் வண்டி லிட்டருக்கு 15 தருகிறது. 83 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 8,400 ரூபாய். இதே தூரத்துக்குப் பைக்கில் 2,500 ஆனது.

இன்சூரன்ஸை மாதமாகப் பிரித்தால் ஆயிரம். சர்வீஸுக்கு 900 எடுத்து வையுங்கள். நாலு டயருக்கு 16,000 ஆகும். நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் 500 வருகிறது. கடன் இல்லாமலே பத்தாயிரத்து எண்ணூறு ஆகிவிட்டது, பார்த்தீர்களா?

இனி கடன். பழைய காருக்கு வட்டி புதிய காரை விடக் கூட. எனக்கு வந்த கொட்டேஷன்கள் எல்லாம் 12 முதல் 16 சதவீதத்துக்குள் இருந்தன. 3 லட்சத்தை 14 சதவீதத்தில் 3 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,250. ஐந்து வருடம் என்றால் தவணை 6,980-க்கு இறங்கும், ஆனால் மொத்தத்தில் ஐம்பதாயிரம் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஏற்கெனவே ஆறு வயதான காருக்கு ஐந்து வருடக் கடன் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ஒன்பது பர்சென்ட்தான் சார்" என்று யாராவது சொன்னால், ஃப்ளாட்டா, குறையும் அசலுக்கா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். ஃப்ளாட் 9 என்பது 3 வருடக் கடனில் உண்மையில் ஏறக்குறைய 16 சதவீதம். நீங்கள் திருப்பிக் கட்டிவிட்ட பணத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் கார் தேட வேண்டும். பேட்டரி, டயர், ஆயில் மாற்றுவது, பெயர் மாற்றம் எல்லாம் முதல் மாதமே வரிசையாக வரும்.

2. லைசென்ஸும் முகவரியும்

கார் ஓட்ட லைசென்ஸ் இல்லையென்றால் இப்போதே எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போடுங்கள். எல்எல்ஆர் கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும், அது ஆறு மாதம் செல்லும். காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஆதார் முகவரி. என் ஆதாரில் ஊர் முகவரிதான் இருந்தது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு அந்த ஆதாரை நீட்டினால், ஆர்சி உங்கள் ஊர் முகவரிக்குப் போகும், அல்லது வேறு முகவரிச் சான்று கொண்டு வரச் சொல்வார்கள். வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கி முகவரியை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். கார் தேட எப்படியும் ஒரு மாதம் ஆகும், அதற்குள் இது முடிந்துவிடும்.

3. புதுசா, பழசா?

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். 2025 செப்டம்பர் 22-ல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்போது ஆல்ட்டோ கே10 ஆரம்ப மாடலின் எக்ஸ்-ஷோரூம் விலை (ஆயுள் வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு சேராத விலை) 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வந்தது. (நான் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதை விடுங்கள்.)

எக்ஸ்-ஷோரூம் விலையில் யாரும் கார் தருவதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 3.70 லட்சத்துக்கு வரி மட்டும் 44,000 வருகிறது. மூன்று வருட தர்ட் பார்ட்டி (நாம் இடித்தால் எதிராளிக்கான காப்பு) சேர்த்த இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் கூட்டினால் நாலரை லட்சத்தைத் தொடும். ஷோரூமில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி எல்லாம் சேர்த்த ஆன்-ரோடு விலைதான், அதையும் எழுத்தில் வாங்குங்கள். சீட் கவர், மேட், கோட்டிங் என்று ஒரு பட்டியல் ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாதவற்றை அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸையும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

என் கருத்து இது. கையில் நாலரை லட்சம் இருந்து, வீட்டில் இரண்டு மூன்று பேர்தான் என்றால், புதிய சின்னக் காரை வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். கீழே உள்ள தலைவலியில் பாதி உங்களுக்கு இல்லை. அதற்குக் குறைந்த பணம் என்றாலோ, அப்பா அம்மாவையும் உட்காரவைக்க இடம் வேண்டும் என்றாலோ பழைய கார்தான்.

4. எந்த வண்டி, எந்த வருடம்

வருடத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: 2019 ஜூலை. அதிலிருந்து எல்லாக் கார்களிலும் டிரைவருக்கு ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், வேக எச்சரிக்கை கட்டாயம். திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதே வருடம் ஏப்ரலிலிருந்து கட்டாயம். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் வேண்டுமென்றால் 2022 ஜனவரிக்குப் பிந்திய வண்டியைத் தேடுங்கள், அல்லது அதற்கு முந்தியதில் மேல் வேரியன்ட் பாருங்கள். கேரேஜில் ஐம்பதாயிரம் குறைவாகக் கிடைக்கிறதே என்று 2015 மாடலுக்கு இறங்காதீர்கள். தினமும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டப்போகிறீர்கள்.

மாடலைப் பொறுத்தவரை ஊரில் எந்த மூலையிலும் மெக்கானிக்குக் கை பழகிய வண்டி, முதல் காருக்கு நல்லது. வேகன்ஆர், செலெரியோ, சான்ட்ரோ, டியாகோ இந்த வட்டத்துக்குள் தேடினால் போதும். நான் எடுத்தது 2019 வேகன்ஆர், 1 லிட்டர். ஃபோர்டு, டாட்சன், செவ்ரோலெ வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். கம்பெனியே இங்கே விற்பனையை நிறுத்திவிட்டதால்தான் அந்த மலிவு. மறைமலைநகர்ப் பக்கம் ஃபோர்டு மேல் உயிராக இருப்பவர்கள் நிறைய, அவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் முதல் காருக்கு வேண்டாம்.

மாதம் 1,250 கிலோமீட்டருக்கு டீசல் தேவையில்லை. சிஎன்ஜி எரிபொருள் செலவைக் குறைக்கும், அதற்குப் பதிலாக டிக்கி போய்விடும், பங்கில் வரிசையில் நிற்க வேண்டும், சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பிரஷர் டெஸ்ட் எடுக்க வேண்டும். வெளியில் கிட் போட்ட வண்டி என்றால், ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் சிஎன்ஜி சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கவில்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். மின்சாரக் கார் வாடகை வீட்டில் சார்ஜ் போட வழி உள்ளவர்களுக்கு.

ஆட்டோமேட்டிக் கிடைத்தால், ஐம்பதாயிரம் கூடுதலானாலும் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. படப்பை சிக்னலில் இடது முழங்கால் தினமும் அதை ஞாபகப்படுத்துகிறது.

5. வண்டி எண்ணை மட்டும் கேளுங்கள்

நேரில் போகாதீர்கள். போட்டோ பார்த்துப் பிடித்திருந்தால் வண்டி எண்ணை வாங்குங்கள். எம்-பரிவாகன் செயலியிலோ பரிவாகன் தளத்திலோ போட்டால் ஐந்து நிமிடத்தில் பாதி கதை தெரிந்துவிடும். எண் தர மறுப்பவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது எச்பி, அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு. கடன் கொடுத்த வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் ஆர்சியில் ஏறியிருக்கும். நான் மாட்டியது இங்கேதான். புறநகரில் ஒரு கன்சல்டிங், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடை. சில்வர் நிறம், உள்ளே பளபளவென்று இருந்தது. 25,000 டோக்கன் கொடுத்தேன். ஆர்சி நகலை வாங்கிப் பார்த்தால் எச்பி இருந்தது. கேட்டதற்கு, "எச்பிதானே சார், லோன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு வாரத்துல எடுத்துடலாம்" என்றார். லோன் முடிந்தது உண்மைதான். ஆனால் அந்த எச்பியை ஆர்சியிலிருந்து நீக்க ஃபைனான்ஸ் தரும் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), அவர்கள் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் வேண்டும். ஓனர் வெளிநாட்டில். அவர் கையில் இருந்த என்ஓசி பழையது. மூன்று மாதத்தைத் தாண்டிய என்ஓசியைக் கொண்டுபோனால் புதிதாக வாங்கி வரச் சொல்வார்கள். புதிதாகக் கேட்க ஓனர் நேரில் வர வேண்டும். ஒரு வாரம் இரண்டு மாதமாயிற்று. கடைசியில் டோக்கனில் 15,000 திரும்பி வந்தது. மிச்சம் "வண்டியை உங்களுக்காகப் பிடித்து வைத்ததற்கு" என்றார்கள்.

ஆகவே எச்பி இருந்தால், அது நீங்கிய ஆர்சியைக் காட்டும் வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கடன் என்றால், உங்கள் பணத்தை நேராக அந்தக் கடன் கணக்கில் கட்டி, என்ஓசியை வாங்கிய பிறகு மீதியைத் தருவதாகப் பேசலாம். விற்பவர் கையில் கொடுத்து "நீங்களே கட்டிவிடுங்கள்" என்று சொல்லக் கூடாது.

அடுத்தது ஓனர் வரிசை எண். "ஃபர்ஸ்ட் ஓனர்" என்பார்கள், செயலியில் 3 என்று இருக்கும். பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும், ஆனாலும் விற்பவர் பெயரோடு ஒத்துப்போகிறதா என்பது தெரிந்துவிடும். ஒத்துப்போகவில்லையென்றால், இடையில் யாரோ பெயர் மாற்றாமலே வாங்கி விற்கிறார் என்று அர்த்தம். ஓனர் இறந்துபோய்விட்டார், மகன் விற்கிறார் என்றால், மகன் முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பாவம் பார்க்காதீர்கள்.

வாகன வகையையும் பாருங்கள். டாக்ஸியாக ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டிகள் சந்தையில் உண்டு. வயது மூன்று, ஓட்டமோ ஒன்றரை லட்சமாக இருக்கும்.

நிலுவை அபராதத்தை இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நின்றுபோகும். என் இரண்டாவது வண்டியில் ஹெல்மெட் அபராதம் ஒன்று இருந்தது! காருக்கு! யாரோ எண்ணைத் தப்பாக ஏற்றியிருக்கிறார்கள். விற்பவரே அதைச் சரிசெய்து கொடுத்தார், பத்து நாள் ஆயிற்று.

புதுச்சேரி எண் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிஒய் எண்ணில் வரும் கார் முப்பது நாற்பதாயிரம் மலிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்து, ஆயுள் வரி கட்ட வேண்டும். அதற்கு முன் அங்குள்ள அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் என்ஓசி வாங்க வேண்டும். கர்நாடகா, கேரளா வண்டிக்கும் இதே கதை. மலிவு என்று நினைத்தது வரியிலும் அலைச்சலிலும் போய்விடும்.

6. இப்போது வண்டியைப் பாருங்கள்

காலையில் போங்கள், போகும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ பிரச்சினை, மறைக்கிறார்கள்.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1,500 ரூபாயும் டீயும் கொடுத்து நான் கூட்டிப்போன அண்ணன் காரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை (மாற்று டயரை) தூக்கினார். "தம்பி, மேல எல்லாம் பாலிஷ் போட்ருவாங்க. இங்க யாரும் துடைக்க மாட்டாங்க" என்றார். ஸ்டெப்னிக் குழியில் சேறு, துரு இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பெல்ட்டின் அடிப்பகுதியில் மண் கறை கோடாகத் தெரியும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, மேட்டுக்கு அடியில் ஈர வாடை, ஹெட்லைட்டுக்குள் ஆவி, இவையும் அதே நோயின் அறிகுறிகள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கார்கள் கூரை வரை முங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டிகள் எல்லாம் எங்கேயோ ஓடிக்கொண்டுதானே இருக்கும்? வெள்ளம் பார்த்த கார் ஒன்றிரண்டு வருடம் நன்றாக ஓடி, பிறகு வயரிங்கில் ஒவ்வொன்றாகக் கேட்கும். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுங்கள், ஒவ்வொரு எழுத்தாக. கண்ணாடிகளின் மூலையில் உள்ள வருடக் குறி எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. ஃபெண்டரையும் பானெட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பட்டி பார்த்த இடத்தில் காந்தம் ஒட்டாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனால் போதும். சின்ன டிங்கரிங் வேலை சென்னை வண்டியில் இல்லாமல் இருக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். தூண்களிலும் சேஸிஸ் முனையிலும் வெல்டிங் தெரிந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஓட்டிய தூரத்தை மீட்டரை வைத்து நம்பாதீர்கள், அதைத் திருப்பி வைப்பது அரை மணி நேர வேலை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸிலும் மீட்டர் அளவைக் குறித்து வைத்திருப்பார்கள். விற்பவரை வைத்தே அந்த வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். 2022-ல் 61,000 என்று இருந்த வண்டி இப்போது 48,000 காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். 35,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்ற வண்டியில் நாலு டயரும் புதுசு என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டு வேண்டாம், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம், இறக்கிவிட்டு ஐந்து நிமிடம். குண்டும் குழியுமான தெருவில் ஓட்டுங்கள், சஸ்பென்ஷன் பேசும். கிளட்ச்சை முக்கால்வாசி விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். நேரான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஏசியைப் பத்து நிமிடம் போட்டு நிறுத்திப் பாருங்கள். எஞ்சின் ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் போல வெளுத்திருந்தால் மெக்கானிக் அண்ணனே உங்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

7. பேரம்

ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்க நம் ஊரில் பலர் தயங்குவார்கள். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால் அதுதான் உங்கள் மாதம், கன்சல்டிங்காரர்கள் இறங்கி வருவார்கள். தீபாவளியை ஒட்டிப் பலர் புதுக் கார் எடுப்பதால், அதற்கடுத்த வாரங்களில் நல்ல பழைய வண்டிகள் வெளியே வரும்.

விலையைக் குறைக்க இரண்டு வாதம் எடுபடும். ஒன்று, இதே மாடலின் இன்றைய புதிய விலை. வரி குறைந்த பிறகு, "நான் ஆறரை லட்சத்துக்கு வாங்கினேன்" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. இன்னொன்று, மெக்கானிக் எழுதித் தந்த செலவுப் பட்டியல். தயாரித்த மாதமும் பதிவு செய்த மாதமும் ஆர்சியில் தனித்தனியாக இருக்கும். 2019 டிசம்பரில் தயாரித்து 2020 ஏப்ரலில் பதிவு செய்த வண்டியை "2020 மாடல்" என்று விற்பார்கள். வயதைத் தயாரித்த மாதத்திலிருந்து எண்ணுங்கள்.

டோக்கன் ஐயாயிரத்துக்கு மேல் வேண்டாம். கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: வண்டி எண், ஒப்புக்கொண்ட விலை, எந்தத் தேதிக்குள் முடியும், காகிதத்தில் குறை இருந்தால் டோக்கன் முழுவதும் திரும்ப வரும் என்று. அந்தக் கடைசி வரி இல்லாததற்குத்தான் நான் பத்தாயிரம் கட்டினேன்.

8. பணம் கைமாறும் நாள்

இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு, அபராதம் பணத்தை வாங்கியவருக்குத்தான். அதனால் வங்கி வழியாகவே அனுப்புங்கள், ஆர்சியில் உள்ள ஓனரின் கணக்குக்கு. கன்சல்டிங்காரர் தன் கணக்கைக் கொடுத்தால், ஓனர் அவருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்சி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், மாசுச் சான்றிதழ், விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29 இரண்டு பிரதி, இருவரும் கையெழுத்திட்ட படிவம் 30, எச்பி இருந்திருந்தால் படிவம் 35-ம் என்ஓசியும், விற்பவரின் ஆதார், பான் நகல்கள், இரண்டாவது சாவி. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு "பிறகு நிரப்பிக்கலாம்" என்பார்கள். உங்கள் பெயரையும் தேதியையும் அங்கேயே நிரப்புங்கள்.

பெயர் மாற்ற விண்ணப்பத்தின்போது விற்பவரின் பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி போகும். அந்த எண் இப்போது அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்திய எண் என்றால் அவர் முதலில் அதை மாற்ற வேண்டும்.

வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த நிமிடத்துக்கு முந்திய அபராதம் அவருடையது, பிந்தியது உங்களுடையது. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் விற்பவரிடம் ஒன்றை நினைவூட்டலாம். விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும். அதைச் சொன்ன பிறகு எனக்கு விற்றவர் மறுநாளே என்னோடு ஆர்டிஓ ஆபீஸுக்கு வந்தார்.

9. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும்

சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பத்தைப் போட்டு, கட்டணம் கட்டி, அச்செடுத்துக் காகிதங்களோடு கொடுக்க வேண்டும். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். நீங்கள் கடனில் வாங்கியிருந்தால், புதிய எச்பி ஏற்ற 1,500 சேரும், அதற்குப் படிவம் 34. வாசலில் நிற்பவர்கள் நாலாயிரம் ஐயாயிரம் கேட்பார்கள். நேரம் இல்லாதவர்கள் கொடுக்கிறார்கள், நான் ஒரு நாள் லீவு போட்டு நானே முடித்தேன். 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஆர்சியைக் கையில் தருவதில்லை, விரைவுத் தபாலில்தான் வருகிறது. பகலில் வீட்டில் யாரும் இல்லாதவர்கள் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எனக்கு விண்ணப்பித்து மூன்று வாரத்தில் வந்தது.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாமல் இடித்துவிட்டால், எதிராளிக்கான தர்ட் பார்ட்டி பாதுகாப்பு தொடரும், உங்கள் வண்டிக்கான இழப்பீடு கிடைக்காது. இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்காக விற்றவருக்குக் கிடைத்த தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், அவரோடு போய்விடும். பாலிசியில் மீதமுள்ள மாதங்களுக்கு அந்தத் தள்ளுபடித் தொகையை உங்களிடம் வசூலிப்பார்கள். இரண்டு மூன்று மாதமே பாக்கி என்றால், மாற்றும் செலவையும் புதிய பாலிசி விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 ஜூனில் நிர்ணயித்த தர்ட் பார்ட்டி பிரீமியம், ஜிஎஸ்டி இல்லாமல், 1,000 சிசி வரை வருடத்துக்கு 2,094, 1,500 சிசி வரை 3,416. இதற்கு மேல் கேட்பதெல்லாம் சொந்த வண்டிக்கான காப்பும் கூடுதல்களும். புறநகரில் இருக்கிறவர்கள் எஞ்சினுக்குள் தண்ணீர் போவதற்கான கூடுதலை மட்டும் விடாதீர்கள். பழைய வண்டிக்கு எல்லா நிறுவனமும் அதைத் தராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

10. முதல் வாரம்

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். விற்றவர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்று சொல்லியிருந்தாலும் சரி.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபாஸ்டேக்கை (சுங்கக் கட்டண வில்லையை) விற்றவர் தன் வங்கியில் சொல்லி மூட வேண்டும், ஒரு வண்டிக்கு ஒன்றுதான் இருக்க முடியும். அவர் மூடாத வரை உங்களுக்குப் புதியது ஏறாது, சுங்கச்சாவடியில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். செங்கல்பட்டு பக்கம் பரனூர் சுங்கச்சாவடி வழியாகத் தினமும் போகிறவர்கள், 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த வருடப் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்தபோது அதன் விலை 3,000 ரூபாய். 200 முறை கடக்கலாம், ஆனால் தினம் போய்வருகிறவர்களுக்கு அது நாலைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். வீடு சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்தால், உள்ளூர்க்காரர்களுக்கான மாதப் பாஸ் 350 ரூபாய் அளவில் கிடைக்கும். அதற்கு ஆர்சியில் உள்ள முகவரிதான் சான்று. இரண்டாவது தலைப்பில் ஆதார் முகவரியை மாற்றச் சொன்னேனே, அதைச் செய்யாதவர்கள் இந்தக் கவுன்டரில் நின்று திரும்பி வருவார்கள்.